பழைய கார், வெளியே ஒழுகாமல் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்) குறைகிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போய்விட்டது என்கிறார் மெக்கானிக். உடனே ஹெட்டைக் கழற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். மெக்கானிக் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் ரேடியேட்டர் மூடி அழுத்தம் தாங்காமல் போனாலும், வாட்டர் பம்ப் கசிந்து சூட்டிலேயே காய்ந்துவிட்டாலும் இதே மாதிரிதான் தண்ணீர் குறையும். ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் படிந்திருப்பதை வைத்தும் முடிவு கட்டக் கூடாது, குளிர்காலத்தில் பக்கத்திலேயே போய் வரும் வண்டிகளில் ஈரம் சேர்ந்து அப்படி ஆவது சகஜம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலேயே ஆயில் பால் ஊற்றிய காபி நிறத்தில் வந்தால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் ஆயில் கூலர் உள்ள வண்டி என்றால் அதன் வழியாகத் தண்ணீர் கலக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது (சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்) கூலண்டை நிரப்பி, மூடியைப் போட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை, அதற்குள் ஹோஸ் கல் மாதிரி இறுகிவிட்டது என்றால் எரிந்த வாயு கூலண்டுக்குள் போகிறது என்று அர்த்தம். இதை உறுதி செய்ய பிளாக் டெஸ்டர் என்ற கருவி இருக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்து உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சும்போது பெட்ரோல் வண்டியில் அதன் நீலத் திரவம் மஞ்சளாக மாறினால் சந்தேகமே இல்லை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் சேரும் அழுத்தம்) பார்க்கும்போது ஒரே ஒரு சிலிண்டர் குறைவாக இருந்தால் அது வால்வாகவோ ரிங்காகவோ கூட இருக்கலாம், அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால் பெரும்பாலும் நடுவில் கேஸ்கெட் எரிந்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள், மற்றதெல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் பளிச்சென்று இருந்தால் தண்ணீர் இறங்குவது அந்த சிலிண்டரில்தான்.

சரி, உறுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புது கேஸ்கெட் வாங்கிப் போட்டு மூடிவிடுவதுதான் இந்த வேலையில் பலர் செய்யும் தப்பு, கேஸ்கெட் தானாகப் போவதைவிட ஏதோ ஒன்று இன்ஜினைச் சூடாக்கிப் போக வைப்பதுதான் அதிகம். தெர்மோஸ்டாட், ஃபேன், அடைத்த ரேடியேட்டர், பம்ப் எல்லாவற்றையும் பார்க்காமல் மூடினால் திரும்பவும் திறக்க வேண்டியதுதான். அலுமினிய ஹெட் சூட்டில் வளையும். ஸ்ட்ரெய்ட் எட்ஜை (வளையாத நேர்ப்பட்டை) நீளவாக்கிலும் குறுக்காகவும் வைத்து ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள், பல இன்ஜின்களில் 0.05 மில்லிமீட்டர் அளவிலேயே எல்லை வந்துவிடும், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். வளைந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்து முதலில் விரிசல் இருக்கிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஃபேஸிங், அதாவது முகத்தை மட்டமாகச் சீவுவது. கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஹெட்டுக்குள்ளேயே இருக்கும் இன்ஜின் என்றால் கேம் கையால் லேசாகச் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டீசலாக இருந்தால் பழைய கேஸ்கெட்டின் ஓரத்தில் உள்ள துளைகளையோ வெட்டுகளையோ எண்ணிக்கொள்ளுங்கள், பல இன்ஜின்களில் தடிமனுக்கு அதுதான் அடையாளம்.

பிளாக்கின் முகத்தைச் சுத்தம் செய்ய கிரைண்டரில் தேய்க்கும் டிஸ்க் மாட்டாதீர்கள், அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்றுவிடும். போல்ட் துளைகளுக்குள் ஆயிலோ தண்ணீரோ நின்றால் ஊதி எடுத்துவிடுங்கள், தேங்கியபடியே முறுக்கினால் பிளாக்கே வெடிக்கலாம். கோணம் வைத்து முறுக்கும் நீளும் வகை போல்ட் என்றால் புதுசுதான், பழையதை மிச்சம் பிடிக்க வேண்டாம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மேனுவல் சொல்லும் வரிசையில், எவ்வளவு முறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்சால் கட்டம் கட்டமாக இறுக்க வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் அடைப்பு மருந்து? விற்றுத் தள்ளப் போகிற ஆள் மட்டும்தான் ஊற்றுவார், ஹீட்டரின் குழாய்களையும் அது சேர்த்தே அடைத்துவிடும்.

மாட்டி முடித்ததும் ஆயிலும் ஃபில்டரும் புதுசு, தண்ணீர் கலந்திருந்த இன்ஜின் என்றால் கொஞ்சம் ஓட்டிவிட்டு இன்னொரு முறையும் மாற்றுங்கள். கூலண்டில் காற்று நிற்காமல் வெளியேற்றிவிட்டு, முதல் சில நாள் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அளவைப் பாருங்கள்.