ஃபார்முலா ஒன் கார் போட்டியில் இரண்டு வகை டயர் கட்டாயம் என்ற விதி பந்தயத்தை விறுவிறுப்பாக்குகிறதா?

டயரின் வகையைத் தீர்மானிப்பது அதன் கலவை. கலவை என்றால் ரப்பரோடு கரித்தூள், கந்தகம் போன்றவற்றைச் சேர்க்கும் பக்குவம். நம்ம குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் வெட்டும் பாலும் தொழிற்சாலையில் இப்படிக் கலந்த பிறகுதான் டயராகிறது. கலவை மென்மையாக இருந்தால் பிடிமானம் அதிகம், தேய்மானமும் அதிகம்.

திற்பரப்பு அருவிப் பாறையில் நடந்து பாருங்கள். மெத்தென்ற புதுச் செருப்பு வழுக்காமல் ஒட்டும், ஆனால் அடிப்பாகம் சீக்கிரம் தேயும். கெட்டிச் செருப்பு வருஷக்கணக்கில் உழைக்கும், கால் வழுக்கும்.

ஃபார்முலா ஒன்னில் 2007 முதல், காய்ந்த தடத்தில் நடக்கும் பந்தயத்தில் குறைந்தது இரண்டு வகை டயர் போட்டாக வேண்டும். இப்போது சிவப்புக் கோடு மென்மை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை கடினம். ஒருவர் 15-ஆம் சுற்றில் மாற்றுவார், இன்னொருவர் 30-இல். கடைசிச் சுற்றுகளில் ஒரு காரில் புது ரப்பர், மற்றதில் தேய்ந்தது. அந்த வேக வித்தியாசம்தான் முந்தலைக் கொண்டுவருகிறது.

தடம் இடம் கொடுக்காவிட்டால் விதியால் பயனில்லை. 2025-இல் மொனாக்கோ நகரத் தெருக்களில் நடந்த பந்தயத்தில் இரண்டு முறை டயர் மாற்றச் சொன்னார்கள். குறுகிய தெருவில் சில அணிகள் ஒரு காரை மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை மறித்தன. ஆகவே என் பதில்: உதவும், முந்த இடமுள்ள தடத்தில் மட்டும்.

மழையிலும் இந்த விதி உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். பந்தயத்தில் மழை டயர் போட்டவருக்கு அது பொருந்தாது.