கைக்குழந்தைகள் வரப்போகும் காம்பராவில் ஈரச் சுவர்: பேனல் அடிக்கலாமா?

மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஓர் இளம் தகப்பன் கேட்டிருக்கிறார்: "தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) கடைசிக் காம்பரா எங்களுடையது. மனைவிக்கு இரட்டைக் குழந்தைகள். எடை குறைவு என்று இன்னும் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். மூன்று கிழமையில் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். படுக்கிற அறையின் பின்சுவர் இடுப்பளவுக்குக் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. விடியற்காலையில் கூரைத் தகரத்திலிருந்து கட்டிலில் தண்ணீர் சொட்டுகிறது. கையில் நாற்பதாயிரம் ரூபா இருக்கிறது. டவுனிலிருந்து வந்த ஒருவர், சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பேனலும் மேலே சீலிங்கும் அடித்துத் தருகிறேன், மொத்தம் ஒரு லட்சத்து எண்பதாயிரம், மீதியைத் தவணையில் கட்டலாம் என்கிறார். ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். செய்யலாமா?"

வேண்டாம் தம்பி. அவர் நீட்டும் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்.

தோட்டத்து வீட்டு வேலைகளில் நீண்ட காலம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பேனல் அடித்ததால் ஈரம் நின்ற சுவர் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. பேனலுக்கும் சுவருக்கும் நடுவில் காற்றுப் போகாது, வெளிச்சம் படாது. பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒரு மழைக்காலம் கழித்து ஒரு பலகையைக் கழற்றிப் பாருங்கள், பின்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும், வாடையும் வரும். குழந்தைகள் அந்தக் காற்றைத்தான் ராப்பகலாகச் சுவாசிக்கும். அழகாகத் தெரிவதால் ஒருவரும் சந்தேகப்படவும் மாட்டார்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அதற்கு எந்த ஆளும் வரத் தேவையில்லை. ஒரு சதுர அடி பொலித்தீன் துண்டை எடுத்து, சுவரைத் துடைத்துவிட்டு, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கத்தில் நீர் முத்துமுத்தாக நின்றால், சுவருக்குள்ளிருந்து தண்ணீர் வருகிறது. அறையைப் பார்க்கும் பக்கம் நனைந்திருந்தால், அது வீட்டுக்குள்ளேயே உண்டான ஈரம்: மூச்சு, சமையல் ஆவி, காயப்போட்ட துணி. இடுப்பளவுக்குக் கறுப்பு என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முதலாவதாகத்தான் இருக்கும். கூரையிலிருந்து சொட்டுவது இரண்டாவது வகை. ஆக உங்களுக்கு இரண்டும் இருக்கிறது. பேனல் இரண்டில் ஒன்றையும் தீர்க்காது.

வெள்ளைக்காரன் காலத்து லயச் சுவர்களில் பெரும்பாலானவை கல்லைச் சேற்றிலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டியவை. அத்திவாரத்துக்கு மேலே தண்ணீரைத் தடுக்கும் படை எதுவும் கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் சுவரில் ஏறும், வெளியே காற்றுப்பட்டு உலரும். அப்படித்தான் அந்தச் சுவர் இத்தனை வருடம் நின்றது. நாம் வந்து சீமெந்து பூசி, அதன்மேல் பளபளக்கும் பெயின்ட் அடித்ததும், உலர வழியில்லாமல் ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. முழங்காலளவு இருந்தது இடுப்புக்கு வருவது இப்படித்தான்.

லயத்தின் பின்னால் போய்ப் பாருங்கள். கான், அதாவது தண்ணீர் ஓடும் வடிகால், அடைபட்டிருக்கும். இலை, மண், ஷொப்பிங் பேக் எல்லாம் நிறைந்து, தண்ணீர் சுவரோடு ஒட்டி நிற்கும். வெளியே மண் உங்கள் வீட்டுத் தரையைவிட உயரமாகக் குவிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தக் குவியலை எடுத்து, தரையைவிட ஒரு சாண் தாழ்வாக இறக்கி, கானைச் சுத்தம் செய்து, தண்ணீர் ஓடுகிறபடி வாட்டம் வைத்துவிடுங்கள். அக்கம்பக்கத்து வீட்டார் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. உங்கள் நாற்பதாயிரத்தில் ஒரு ரூபாகூடப் போகாத இந்த வேலைதான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. அதை விரிவாகத்தான் சொல்ல வேண்டும். பின்னால் வெறும் குவியல் இல்லாமல், வெட்டி நிறுத்திய மண்மேடு இருந்தால் அதன் அடியில் மண்வெட்டி வைக்காதீர்கள். இரண்டு அடி இடம் கிடைத்தால் துணி காயப்போடலாம், சின்னதாய் ஒரு குசினி இறக்கலாம் என்று மேட்டின் காலை வெட்டுகிறார்கள். மேடு நிற்பதே அந்தக் காலில்தான். அடி போனால், அடுத்த அடைமழையில் மேல் இறங்கும். கானில் விழுந்து கிடக்கும் தளர்ந்த மண்ணை அள்ளுவது வேறு, நிற்கும் மேட்டைச் செதுக்குவது வேறு. மேட்டில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்றுத்தண்ணீர், காரணமில்லாமல் இறுகிப்போன கதவு: இதில் ஏதாவது ஒன்று இருந்தால் சுவர் வேலையை மறந்துவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லி இடத்தைப் பார்க்க வையுங்கள். கிராம உத்தியோகத்தர் மூலமாகவும் சொல்லலாம், அவசரம் என்றால் இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள். குழந்தைகளை அந்தக் காம்பராவுக்குக் கொண்டுவராமல் உறவுக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் புதைந்தன. ஆபத்தான இடம் என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கிறவர் ஒருவர், வீடு தரவேண்டியவர் இன்னொருவர், நடுவில் மக்கள். இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்குக் கோபம் அடங்காது.

சரி, சுவருக்கு வருகிறேன். பூஞ்சணத்தைக் காய்ந்தபடி சுரண்டாதீர்கள், தூள் பறக்கும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துக் கழுவி உலரவிடுங்கள். உதிர்ந்த சீமெந்துப் பூச்சை எடுத்துவிடுங்கள். அப்புறம் நீற்றிய சுண்ணாம்பை ஒரு இரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பால் பதத்தில் மெல்லிசாக மூன்று முறை அடியுங்கள். சுண்ணாம்பு பூசிய சுவருக்குள் ஈரம் அடைபடாது, அதன் காரத்தில் பூஞ்சணமும் லேசில் வராது. கண்ணில் பட்டால் ஆபத்து, கவனம். குழந்தைகள் வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்பே முடித்துவிட வேண்டும். பழைய கதவு ஜன்னலைத் தேய்த்துப் புதுப் பெயின்ட் அடிக்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். பழைய எண்ணெய்ப் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூள் குழந்தைக்கு நஞ்சு.

கூரை சொட்டுவது ஒழுக்கு அல்ல. 10க்கு 12 அடி அறையில் எல்லோரும் கதவடைத்துப் படுக்கும்போது, மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து கூரை இறப்பில், சுவருக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் சாக்கை அடைப்பது வழக்கம். அதை எடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு மேலே மட்டும், ஹார்ட்வெயார் கடையில் சுருளாக விற்கும் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் விரிப்பைத் தகரத்துக்கு அடியில் இழுத்துக் கட்டுங்கள். அடுப்புக்கு மேலே கட்டக்கூடாது, தீப்பிடிக்கும். பழைய உரப் பையைத் தைத்துக் கட்டும் வேலையும் வேண்டாம். பக்கத்துக் காம்பராக்காரருக்கு அஸ்பெஸ்டஸ் கூரை என்றால், சீட்டில் துளை போடவோ தேய்த்துக் கழுவவோ வேண்டாம் என்று அவருக்கும் சொல்லுங்கள்.

இரட்டைக் குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு இருபது துணிக்குக் குறையாது. மஸ்கெலியா மழையில் அது வெளியே காயாது என்று எல்லோரும் படுக்கிற அறையிலேயே கொடி கட்டுகிறார்கள். அத்தனை தண்ணீரும் அறைக்காற்றில்தான் சேர்கிறது. இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வெயில் படும் பக்கத்தில், மேலே தெளிந்த பொலித்தீன், பக்கங்கள் திறந்தபடி ஒரு சின்னப் பந்தல் போடுங்கள். நாற்பதாயிரத்தில் இதற்குக் கொஞ்சம் ஒதுக்கலாம். அடுத்து அடுப்படி. புகைக்கூடு அடைத்திருந்தால் திறந்து, அடுப்படிக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் கதவு வையுங்கள். மிலாறு (கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி) எரிகிற புகை, எடை குறைந்த குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது.

குளிருக்கு என்று கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். அந்த நச்சுக்காற்றுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். பெரியவர்கள் சாம்பிராணி போட வேண்டும் என்றாலும் பணிவாக மறுத்துவிடுங்கள். குழந்தைக்குச் சூடு தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பதில் கிடைக்கும். எப்படி என்று ஆஸ்பத்திரியில் சொல்லித் தருவார்கள், வீட்டுக்கு வருகிற மிட்வைஃபிடமும் கேளுங்கள். தொட்டிலைப் பின்சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம், ஒரு முழம் தள்ளி வையுங்கள். ஏணை (துணித் தொட்டில்) கட்டுவதாக இருந்தால் கூரை மரத்தைக் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். கத்தி எளிதாக இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது.

இப்போது அந்த ஆளைப் பற்றி. குழந்தை பிறந்த வீட்டை மோப்பம் பிடித்து வருகிறவர்கள் இவர்கள். அளவெடுக்கக் காசில்லை என்பார்கள், இன்றைக்கே சொன்னால் விலை குறையும் என்பார்கள், சிறு தொகை அட்வான்ஸ் வாங்குவார்கள். பிறகு மனைவியின் அடையாள அட்டைப் பிரதி கேட்பார்கள். அதை வைத்துக் கடன் எடுப்பது வேறு ஒரு நிதி நிறுவனத்தில், வட்டி உங்கள் தலையில். பேனல் கழன்றாலும் கடன் கழலாது. அவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு, தவணை முடியும்போது மொத்தம் எவ்வளவு? ஈரம் திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதித் தருவீர்களா? இரண்டாவதுக்கு எழுத்தில் பதில் வராது. உங்களால் வாசிக்க முடியாத மொழியில் உள்ள பத்திரத்திலும், எழுதாத தாளிலும் கையெழுத்து வைக்கவே கூடாது.

உண்மையில் இந்தக் கூரையையும் கானையும் நீங்கள் பார்க்க வேண்டியதே இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளிடம் போனதிலிருந்து, தோட்டத்தைக் கேட்டால் அரசாங்கம் என்கிறது, அரசாங்கத்தைக் கேட்டால் தோட்டம் என்கிறது. வீடு உங்கள் பெயரில் இல்லை என்பதால் வங்கியும் திரும்பிப் பார்ப்பதில்லை, அந்த இடைவெளியில்தான் பேனல்காரர் நுழைகிறார். ஆனாலும் தோட்டத்து ஒபீசுக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: பின்கான் அடைப்பு, சுவர் ஈரம், எடை குறைந்த இரட்டைக் குழந்தைகள். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் கிடைத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பிரதியை பீ.எச்.ஐ.யிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம்) கொடுங்கள். உள்ளே சுண்ணாம்பு அடிக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. கூரையை மாற்றுவது, அறை இறக்குவது என்றால் மட்டும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் கட்டியதை உடைக்கச் சொல்வார்கள்.

கொடுத்த ஐயாயிரத்துக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லையென்றால் அந்தப் பணம் போனதுதான். அதை மீட்கிறேன் என்று மீதி ஒரு லட்சத்து எழுபத்தையாயிரத்துக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.