17-ஆம் இடத்து அணிக்குச் சாம்பியன்ஸ் லீக், 6-ஆம் இடத்து அணிக்கு இல்லை: ஐரோப்பியத் தகுதியைக் கணக்கிடுவது எப்படி?

கேள்வி: பல ஆண்டுகளாக ஆஸ்டன் வில்லாவின் ரசிகன் நான். 2024-25 சீசனில் பிரீமியர் லீக்கில் ஆறாம் இடம் பிடித்த எங்கள் அணிக்குச் சாம்பியன்ஸ் லீக் வாய்ப்புக் கிடைக்கவில்லை. 17-ஆம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாமுக்குக் கிடைத்தது. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிரிஸ்டல் பேலஸ், ஐரோப்பியப் போட்டிகளில் மூன்றாம் நிலையான கான்ஃபரன்ஸ் லீக்கிற்கு இறக்கப்பட்டது. எங்களுடைய இடத்தைத்தான் டாட்டன்ஹாம் எடுத்துக்கொண்டதா? சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே எந்த அணி எந்தப் போட்டிக்குப் போகும் என்று நானே கணக்கிட வழி உண்டா?

பதில்: முதல் கேள்விக்கு உடனே விடை சொல்லிவிடலாம். டாட்டன்ஹாம் உங்கள் அணியின் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. 2025 மே 21 அன்று பில்பாவோ நகரில் நடந்த, இரண்டாம் நிலை ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக்கின் இறுதியாட்டத்தில் டாட்டன்ஹாமுக்குப் பதிலாக மான்செஸ்டர் யுனைடெட் வென்றிருந்தாலும், அல்லது இங்கிலாந்து அணி எதுவுமே அந்த இறுதிக்கு வந்திராவிட்டாலும், வில்லாவின் நிலை மாறியிருக்காது. வில்லா அந்த இடத்தை இழந்தது நியூகாசிலிடம், அதுவும் கோல் வித்தியாசத்தில்தான். இரண்டு அணிகளும் 66 புள்ளிகளுடன் முடித்தன; நியூகாசிலின் கோல் வித்தியாசம் 21, வில்லாவினுடையது 7. கடைசி நாளில் நியூகாசில் எவர்ட்டனிடம் தோற்றிருந்த நிலையில், வில்லா மான்செஸ்டர் யுனைடெடின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் ஒரு டிரா எடுத்திருந்தாலே போதும். அங்கே 2-0 என்று தோற்றதுதான் முடிவைத் தீர்மானித்தது.

இரண்டாவது கேள்விக்கு விடை சற்று நீளமானது. கணக்கிட வழி உண்டு. அதற்குப் புள்ளிப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், ஒவ்வோர் இடமும் யாருக்கு உரியது என்று கேட்டுப் பழக வேண்டும். சில இடங்கள் ஒரு நாட்டின் கால்பந்துச் சங்கத்துக்கு உரியவை. அந்த நாட்டு லீக் வரிசைப்படி அவை அணிகளுக்குப் போய்ச் சேருகின்றன. சில இடங்கள் கோப்பை வென்ற அணிக்கு மட்டுமே உரியவை. மீதி இடங்களைத் தகுதிச் சுற்றுகளில் ஆடித்தான் பெற முடியும். ஓர் இடம் காலியானால் அது எந்த வழியில் கைமாறும் என்பதும், அது முதலில் யாருடையதாக இருந்தது என்பதைப் பொறுத்தே அமைகிறது. ரசிகர்களிடையே எழும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த மூன்று வகைகளையும் ஒன்றாகக் கலந்து பார்ப்பதால் வருபவை.

2024-25 சீசனிலிருந்து சாம்பியன்ஸ் லீக்கின் பிரதானச் சுற்றில் 36 அணிகள் ஆடுகின்றன. இவற்றில் 25 இடங்கள் நாடுகளின் தரவரிசைப்படி பிரிக்கப்படுகின்றன: முதல் நான்கு நாடுகளுக்குத் தலா 4, ஐந்தாம் நாட்டுக்கு 3, ஆறாம் நாட்டுக்கு 2, ஏழு முதல் பத்து வரையுள்ள நாடுகளின் சாம்பியன்களுக்குத் தலா 1. முந்தைய சீசனின் சாம்பியன்ஸ் லீக் வெற்றியாளருக்கு ஓர் இடமும், யூரோப்பா லீக் வெற்றியாளருக்கு ஓர் இடமும் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. முந்தைய ஒரே சீசனில் ஐரோப்பிய அரங்கில் மிகச் சிறப்பாக ஆடிய இரண்டு நாடுகளுக்குத் தலா ஒரு கூடுதல் இடம் உண்டு. எஞ்சிய 7 இடங்கள் தகுதிச் சுற்றுகள் வழியாக நிரப்பப்படுகின்றன. அவற்றில் 5 இடங்கள் சிறிய லீக்குகளின் சாம்பியன்களுக்கு உரிய தடத்தைச் சேர்ந்தவை, 2 இடங்கள் சாம்பியனாகாத அணிகளின் தடத்தைச் சேர்ந்தவை.

நாடுகளின் தரவரிசை ஐந்து சீசன்களின் கூட்டுக் கணக்கு. ஒரு நாட்டின் அணிகள் ஐரோப்பியப் போட்டிகளில் பெறும் ஒவ்வொரு வெற்றிக்கும் 2 புள்ளி, டிராவுக்கு 1 புள்ளி. தகுதிச் சுற்று ஆட்டங்களில் இதில் பாதி. முன்னேறும் கட்டங்களுக்கு ஏற்பக் கூடுதல் புள்ளிகளும் சேரும். இப்படிக் கிடைக்கும் மொத்தத்தை, அந்தச் சீசனில் அந்த நாட்டிலிருந்து ஐரோப்பியப் போட்டிகளில் ஆடிய அணிகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு கால இடைவெளி உண்டு: 2025-26 சீசனுக்கான இடங்களைப் பிரிக்க எடுத்துக்கொள்ளப்பட்ட தரவரிசை, 2023-24 சீசன் முடிவில் இருந்த தரவரிசை. ஆகவே இந்த ஆண்டு ஒரு நாட்டின் அணிகள் சறுக்கினாலும் அடுத்த ஆண்டே அந்த நாட்டின் அடிப்படை இடங்கள் குறைந்துவிடுவதில்லை.

கூடுதல் இடங்களின் கணக்கோ உடனடியானது. அதற்கு அந்த ஒரு சீசனின் சராசரி மட்டுமே பார்க்கப்படுகிறது. வகுத்துச் சராசரி எடுக்கும் முறை எத்தனை கடுமையானது என்பதை 2023-24 சீசனில் இங்கிலாந்து உணர்ந்தது. அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து 8 அணிகள் ஆடின. மான்செஸ்டர் யுனைடெடும் நியூகாசிலும் சாம்பியன்ஸ் லீக்கில் தத்தம் பிரிவுகளின் கடைசி இடத்தில் முடிந்து வெளியேறின. இங்கிலாந்தின் சராசரி 17.375 என்று நின்றுவிட, 21.000 பெற்ற இத்தாலியும் 19.357 பெற்ற ஜெர்மனியும் கூடுதல் இடங்களை எடுத்துக்கொண்டன. தத்தம் லீக்குகளில் ஐந்தாம் இடம் பிடித்த போலோன்யாவும் டார்ட்மண்டும் அப்படித்தான் 2024-25 சாம்பியன்ஸ் லீக்கில் நுழைந்தன.

அடுத்த ஆண்டு நிலை தலைகீழானது. 7 அணிகளுடன் களமிறங்கிய இங்கிலாந்து 29.464 என்ற சராசரியுடன் முதலிடமும், ஸ்பெயின் 23.892 உடன் இரண்டாம் இடமும் பிடித்தன, இத்தாலி 21.875 உடன் மூன்றாவதாக நின்றது. இங்கிலாந்துக்கு ஐந்தாம் இடம் கிடைக்கும் என்பது 2025 ஏப்ரல் மாதத்திலேயே உறுதியாகிவிட்டது. வில்லா ரசிகரான உங்களுக்கு இதில் வலிக்கும் ஓர் உண்மை இருக்கிறது. பயர்ன் மியூனிக்கை வென்று, காலிறுதி வரை சென்று, பாரிஸ் அணியிடம் மொத்தக் கணக்கில் 5-4 என்று போராடித் தோற்ற வில்லாவின் ஆட்டங்களும் அந்தச் சராசரியை உயர்த்தின. அப்படி ஈட்டிய ஐந்தாம் இடம், அந்தச் சீசனில் ஐரோப்பியப் போட்டி எதிலுமே ஆடாத நியூகாசிலுக்குப் போனது. கூடுதல் இடத்தை ஈட்டுபவை ஐரோப்பாவில் ஆடும் அணிகள், அதைப் பெறுவது உள்நாட்டு லீக் வரிசையில் அடுத்து நிற்கும் அணி. விதி அப்படித்தான் எழுதப்பட்டுள்ளது. நாட்டுக்கு உரிய இடத்தை நாட்டு லீக்தான் பங்கிட வேண்டும் என்பதால் அது நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

இனி டாட்டன்ஹாம் விஷயம். யூரோப்பா லீக் வெற்றியாளருக்கான இடம் இங்கிலாந்துக்கு உரியது இல்லை; கோப்பையை வென்ற அணிக்கு உரியது. அதனால் இங்கிலாந்தின் ஐந்து இடங்களும் லீக் வரிசைப்படி லிவர்பூல், ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி, செல்சி, நியூகாசில் ஆகிய அணிகளுக்குப் போன பிறகும், ஆறாவதாக டாட்டன்ஹாம் சேர்ந்துகொண்டது. உங்களுடைய ஐயம் பழைய விதியின் நினைவிலிருந்து வந்திருக்கலாம். 2012-இல் ஆறாம் இடத்தில் முடித்த செல்சி சாம்பியன்ஸ் லீக்கை வென்றபோது, ஒரு நாட்டுக்கு நான்கு அணிகள் மட்டுமே என்ற வரம்பு இருந்தது. நான்காம் இடத்தில் முடித்த டாட்டன்ஹாம் தன் இடத்தை உண்மையிலேயே பறிகொடுத்து யூரோப்பா லீக்கிற்குச் சென்றது. அதற்கும் முன்னால், 2005-இல் ஐந்தாம் இடத்தில் முடித்த லிவர்பூல் கோப்பையை வென்றபோது, அவ்வணிக்கு உரிய இடம் எது என்று விதிகளில் தெளிவே இருக்கவில்லை. விதிவிலக்காக முதல் தகுதிச் சுற்றிலிருந்து ஆட ஐரோப்பியக் கால்பந்து நிர்வாக அமைப்பான யூஃபா அனுமதித்தது. இப்போது அந்தக் குழப்பங்கள் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். கோப்பை வென்ற அணி லீக் வழியாகவே ஏற்கெனவே தகுதி பெற்றிருந்தால், அந்தத் தனி இடம் அதே நாட்டின் அடுத்த அணிக்கு வருவதில்லை. 2025-இல் சாம்பியன்ஸ் லீக்கை வென்ற பாரிஸ் சான் ஜெர்மன், பிரெஞ்சு லீக்கின் சாம்பியனாகவும் இருந்தது. அதனால் காலியான இடம் பிரான்ஸின் நான்காம் அணியான நீஸுக்குப் போகவில்லை. தகுதிச் சுற்றில் ஆடவேண்டியிருந்த சாம்பியன் அணிகளில் மிக உயர்ந்த தனித் தரப்புள்ளி (நாட்டுக்கு அல்லாமல் அணிக்கே தரப்படும் யூஃபா தரவரிசைப் புள்ளி) வைத்திருந்த கிரீஸின் ஒலிம்பியாகோஸ் நேரடியாக உள்ளே வந்தது. நீஸ் தகுதிச் சுற்றில் பென்ஃபிகாவிடம் தோற்று வெளியேறியது. செல்சி கான்ஃபரன்ஸ் லீக்கை வென்றதும் இப்படித்தான்: வெற்றியாளருக்கான யூரோப்பா லீக் இடம் செல்சிக்குத் தேவைப்படவில்லை என்பதற்காக அது இங்கிலாந்தின் வேறோர் அணிக்கு வந்துவிடவில்லை.

கூடுதல் இடம் மட்டும் இதில் வேறு வகை. 2024 ஜூன் 1 அன்று வெம்ப்ளியில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் டார்ட்மண்ட் ரியல் மாட்ரிட்டை வென்றிருந்தால், டார்ட்மண்ட் கோப்பை வென்ற அணிக்குரிய இடத்தைப் பெற்றிருக்கும்; ஐந்தாம் இடத்துக்கான கூடுதல் இடம் ஆறாவதாக நின்ற ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு இறங்கியிருக்கும். டார்ட்மண்ட் நான்காவதாக முடித்திருந்தால் அப்படி எதுவும் நடந்திருக்காது. ஆகவே கோப்பையை வெல்லும் வாய்ப்புள்ள அணி எந்த இடத்தில் நிற்கிறது என்பதை, குறிப்பாக அது கூடுதல் இடத்தில் நிற்கிறதா என்பதை, நீங்கள் கவனிக்க வேண்டும்.

உள்நாட்டுக் கோப்பைகளின் இடங்கள் நாட்டுக்கு உரியவை என்பதால், காலியானால் லீக் வரிசையில் கீழே இறங்கும். இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பை வென்ற அணிக்கு யூரோப்பா லீக் இடமும், லீக் கோப்பை வென்ற அணிக்குக் கான்ஃபரன்ஸ் லீக் பிளே-ஆஃப் (பிரதானச் சுற்றுக்கு முந்தைய கடைசித் தகுதிச் சுற்று) இடமும் உண்டு. 2025 மார்ச்சில் லீக் கோப்பையை வென்ற நியூகாசில் சாம்பியன்ஸ் லீக்கிற்குப் போனதால், அந்த இடம் ஏழாவதாக முடித்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வந்தது. மே 17 அன்று எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி வென்றிருந்தால், சிட்டி ஏற்கெனவே சாம்பியன்ஸ் லீக் அணி என்பதால் யூரோப்பா இடம் ஃபாரஸ்டுக்கும், கான்ஃபரன்ஸ் இடம் எட்டாவதாக முடித்த பிரைட்டனுக்கும் வந்திருக்கும். எபெரெச்சி எஸே 16-ஆம் நிமிடத்தில் அடித்த கோல் பேலஸுக்குக் கோப்பையைத் தந்தது. களத்திலேயே இல்லாத பிரைட்டனின் ஐரோப்பிய வாய்ப்பையும் அதே கோல் மூடியது. கோப்பை இறுதியில் தோற்ற அணிக்கு அந்த இடத்தைத் தரும் பழைய வழக்கம் 2015-16 முதல் இல்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். 2014-இல் ஹல் சிட்டி அப்படித்தான் யூரோப்பா லீக்கில் ஆடியது.

சிறிய லீக்குகளின் சாம்பியன்களுக்கு உரிய தடத்தைப் பெரிய லீக்குகளின் ரசிகர்கள் பொதுவாகக் கவனிப்பதில்லை. அது பெரிய இழப்பு. கஜகஸ்தானின் கைராத் அல்மாட்டி 2025 கோடையில் முதல் தகுதிச் சுற்றில் தொடங்கி, ஸ்லோவேனியா, பின்லாந்து, ஸ்லோவாக்கியா, ஸ்காட்லாந்து ஆகிய நாடுகளின் அணிகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, கடைசியில் செல்டிக்கை பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று பிரதானச் சுற்றுக்கு வந்தது. பிரதானச் சுற்றில் ஓர் அணி ஆடும் ஆட்டங்கள் எட்டு; அங்கே நுழைவதற்கே கைராத் எட்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது.

கடைசியாக, களத்தில் பெற்ற தகுதி போதாத சூழலும் உண்டு. ஒவ்வோர் அணிக்கும் யூஃபா விதிகளின்படி உரிமம் வேண்டும். 2010-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு வந்த போர்ட்ஸ்மவுத் நிதி நெருக்கடியால் உரிமம் பெற முடியாமல் யூரோப்பா லீக் இடத்தை இழந்தது. பேலஸின் சிக்கல் வேறு: ஒரே உரிமையாளரின் தீர்மானகரமான செல்வாக்குக்கு உட்பட்ட இரண்டு அணிகள் ஒரே ஐரோப்பியப் போட்டியில் ஆடக்கூடாது. ஜான் டெக்ஸ்டருக்குப் பேலஸிலும் பிரான்ஸின் லியோன் அணியிலும் பங்கு இருந்தது. இரண்டுமே யூரோப்பா லீக்கிற்குத் தகுதி பெற்றன. நிர்வாக அமைப்பைச் சரிசெய்து காட்டுவதற்கான கெடு 2025 மார்ச் 1, அதாவது பேலஸ் கோப்பையை வெல்வதற்கு இரண்டரை மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்டது. இத்தகைய மோதலில் உள்நாட்டு லீக்கில் உயர்ந்த இடம் பிடித்த அணிக்கே முன்னுரிமை என்பதால், ஆறாவதாக முடித்த லியோன் இடத்தைத் தக்கவைத்தது. 12-ஆவதாக முடித்த பேலஸ் ஜூலை 11 அன்று கான்ஃபரன்ஸ் லீக்கிற்கு இறக்கப்பட்டது. ஃபாரஸ்ட் யூரோப்பா லீக்கிற்கு ஏறியது. விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றமும் ஆகஸ்ட் 11 அன்று பேலஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. தன் வரலாற்றின் முதல் பெரிய கோப்பையை வென்ற ஓர் அணியின் ரசிகர்களுக்கு இது மிகக் கொடிய முடிவு. விதியின் நோக்கம் சரியானதாக இருந்தாலும், கெடு கோப்பை இறுதிக்கு முன்பே முடியும்படி வைத்திருப்பது, எதிர்பாராமல் வெல்லும் சிறிய அணிகளையே அதிகம் தண்டிக்கிறது என்பது என் கருத்து.

ஆகவே உங்கள் கணக்கை மார்ச் மாதத்தில் தொடங்குங்கள். இங்கிலாந்து அந்தச் சீசனின் சராசரியில் முதல் இரண்டு இடங்களுக்குள் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இருந்தால் சாம்பியன்ஸ் லீக் கோடு ஐந்தாம் இடத்தில், இல்லாவிட்டால் நான்காம் இடத்தில். பிறகு லீக் கோப்பையை வென்ற அணியும் எஃப்.ஏ. கோப்பையில் எஞ்சியுள்ள அணிகளும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா, கீழே இருக்கின்றனவா என்று குறித்துக்கொள்ளுங்கள்; மேலே இருந்தால் யூரோப்பா, கான்ஃபரன்ஸ் இடங்கள் லீக் வரிசையில் கீழே இறங்கும். ஐரோப்பியக் கோப்பைகளில் மீதமிருக்கும் இங்கிலாந்து அணிகளை அதற்குப் பிறகு தனியாகச் சேருங்கள்; டார்ட்மண்டைப் போலக் கூடுதல் இடத்தில் நிற்கும் அணி இல்லையென்றால், அவற்றின் வெற்றி உங்கள் சாம்பியன்ஸ் லீக் கோட்டை மேலேயோ கீழேயோ நகர்த்தாது. உரிமையாளர் சிக்கல் உள்ள அணி ஏதேனும் பட்டியலில் இருந்தால், அந்த ஓர் இடத்தை மட்டும் யூஃபாவின் முடிவு வரும்வரை பென்சிலால் எழுதி வையுங்கள்.