21,000 கிமீதான் ஓடியிருக்கு, இன்ஜினுக்கு 2.35 லட்சம் கேக்குறாங்க: சரி பண்ணவா, இப்படியே தள்ளிவிடவா?

கேள்வி: வணக்கம் சார், மதுரைல இருந்து எழுதுறேன். 2021 அக்டோபர்ல டீசல் எஸ்யூவி ஒன்னு எடுத்தேன், ஆன்ரோடு 14.8 லட்சம். அதுல லோன் 10 லட்சம், 9 சதவீதம், 7 வருஷம், மாசம் 16,089 கட்டுறேன், இன்னும் 32 இஎம்ஐ பாக்கி. வீட்டுலேந்து ஆபீஸ் 4 கிமீ, சாயங்காலம் பொண்ண டியூஷன்ல விடுறது, அவ்ளோதான் ஓட்டம். போன மாசம் திடீர்னு லைட் எரிஞ்சு வண்டி இழுக்கவே இல்ல. சர்வீஸ் சென்டர்ல டிபிஎஃப் (புகைக்கரிய பிடிக்குற ஃபில்டர்) அடைச்சிருச்சு, டர்போ (இன்ஜினுக்கு காத்த அழுத்தி தள்ளுற பாகம்) போச்சு, டீசல தெளிக்குற இன்ஜெக்டர் நாலும் மாத்தணும்னு 2.35 லட்சத்துக்கு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. வாரண்டி 3 வருஷம் இல்லன்னா 1 லட்சம் கிமீ, தேதி முடிஞ்சுருச்சுன்னு கைய விரிச்சுட்டாங்க. 2023ல மட்டும் சர்வீஸ் விடல, கிமீ வரலையேன்னு விட்டுட்டேன். பழைய கார் வாங்குறவங்க இப்ப இருக்குற நிலைமைலயே 4.2 லட்சம் தரேங்குறாங்க, நல்ல கண்டிஷன்ல இதே மாடல் 7.5க்கு விளம்பரம் வருது. மச்சான் டிபிஎஃப்ப கழட்டி எறி, 25,000ல முடிஞ்சுரும்ங்குறான். பேங்க்ல 14 சதவீதத்துக்கு பர்சனல் லோன் ரெடி. எஃப்டி 4 லட்சம் இருக்கு, அது 2027ல பொண்ணு காலேஜுக்கு. கேஸ் போடலாமா, வித்துரலாமா, எனக்கு ஒன்னும் ஓடல சார்.

பதில்: கோவம் நியாயமானதுதான் சார், ஆனா மொதல்ல அந்த 14.8 லட்சத்த மறந்துருங்க, அது போன காசு. இப்ப பாக்க வேண்டியது லோன்ல நிக்குற பாக்கிய, உங்க கணக்குப்படி அது சுமார் 4.56 லட்சம் வருது. 4.2க்கு குடுத்தீங்கன்னா வண்டியும் போயி, கைலேந்து 36,000 போட்டு, அது மேல லோன முன்கூட்டியே அடைக்குறதுக்கு பேங்க் ஃபோர்குளோஷர் சார்ஜ் போட்டா அதையும் கட்டணும். சரி பண்ணி வித்தா? விளம்பரத்துல 7.5னு போட்டா கைக்கு வர்றது 7னு வச்சுக்கங்க, அதுல 2.35 போனா 4.65. ஆக முழு எஸ்டிமேட்டும் குடுத்து சரி பண்ணாலும் 45,000 ரூபாதான் மிச்சம். எந்தப் பக்கம் போனாலும் பெருசா லாபம் இல்லன்னு தோணும், ஆனா அந்த 2.35ங்குற நம்பர் கல்லுல எழுதினது இல்லல்ல, அத எவ்ளோ கொறைக்க முடியும்ங்குறதுலதான் உங்க காசு இருக்கு.

அதுக்கு வண்டிக்கு என்ன ஆச்சுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்குற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததுக்கு அப்பறம் டீசல் கார் எல்லாத்துலயும் புகைக்கரிய பிடிச்சு வைக்குற அந்த ஃபில்டர் இருக்கு, நல்ல சூட்டுல வண்டி தொடர்ந்து ஓடுனாதான் அந்தக் கரி எரியும். எரிக்குறதுக்காக இன்ஜின் கொஞ்சம் டீசல கூடுதலா விடும், அந்த நேரம் பாத்து நீங்க ஆபீஸ் வந்து ஆஃப் பண்ணிருவீங்க, கரி அப்படியே நிக்கும், கூடுதலா விட்ட டீசல்ல கொஞ்சம் கீழ இறங்கி இன்ஜின் ஆயில்ல கலந்துரும். தினமும் இதே கதைன்னா ஆயில் தண்ணியாகும், தண்ணியான ஆயில்ல டர்போ பேரிங் தாங்காது. கம்மி ஓட்டம்னா இன்ஜின் புதுசா இருக்கும்னு நாம நெனைக்குறோம், இந்த மாதிரி வண்டிக்கு நெலம தலைகீழ், 21,000 கிமீயும் 4 கிமீ 4 கிமீயா ஓடுனதுதான் வில்லன். ஆயில் மாத்துறது 10,000 கிமீ இல்லன்னா 1 வருஷம், எது மொதல்ல வருதோ அதுன்னு புக்குல போட்டிருப்பாங்க, உங்களுக்கு வருஷம்தான் மொதல்ல வரும், 2023ல சர்வீஸ் விடாததுக்கு அங்கதான் அடி.

அதனால எஸ்டிமேட்ட துண்டு துண்டா பிரிச்சு கேளுங்க. டிபிஎஃப்ல கரி எத்தன சதவீதம்னு ஸ்கேனர்ல காட்டச் சொல்லுங்க, பிரஷர் சென்சார் போனாலும் இதே லைட் எரியும், ரொம்ப முத்தலன்னா ஸ்கேனர் போட்டே எரிச்சு பாக்கலாம், கழட்டி கிளீன் பண்ணித் தர்ற ஆளுங்களும் இருக்காங்க, புதுசு வாங்குறதுல ஒரு பங்குதான் ஆகும். இன்ஜெக்டர் நாலும் ஒரே நேரத்துல போச்சுன்னு சொன்னா லீக்-ஆஃப் டெஸ்ட் (ஒவ்வொரு இன்ஜெக்டர்லேந்தும் எவ்ளோ டீசல் திரும்புதுன்னு அளக்குறது) ரிசல்ட்ட கேளுங்க, டெஸ்ட் பண்ணாமலே நாலையும் எழுதுறது சில எடத்துல பழக்கம். டர்போல ஷாஃப்ட் எவ்ளோ ஆடுதுன்னு கண்ணால பாருங்க. பில்லுல ஸ்பேர் பார்ட்ஸுக்கு 28 சதவீதம் ஜிஎஸ்டி போட்டிருந்தா அது பழைய ரேட், 2025 செப்டம்பர் 22லேந்து 18தான். அதே எஸ்டிமேட்ட வெளில டீசல் இன்ஜெக்டர் பாக்குற ஒரு நல்ல கடைலயும் காட்டுங்க. எல்லாம் சேந்து 1.5 லட்சத்துக்கு வந்துருச்சுன்னா சரி பண்ணி விக்குறதுல 1.3 லட்சம் மிச்சம், பேச்சே மாறிருது.

இன்னொன்னு, வாரண்டி முடிஞ்சுருச்சுன்னு டீலர் சொன்னதோட நிக்காதீங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு நேரா மெயில் போட்டு குட்வில்ல பார்ட்ஸ் செலவுல ஒரு பங்கு ஏத்துக்கச் சொல்லி கேளுங்க, இவ்ளோ கம்மி கிமீல கேட்டா சில சமயம் கிடைக்கும். அது உரிமை இல்ல, சலுகை, அதனால மெயில்ல சண்டை வேணாம், கிமீ, தேதி, ஜாப் கார்டு (சர்வீஸ் சென்டர்ல வேலைக்கு எழுதுற சீட்டு) காப்பி அவ்ளோ போதும். (திட்டணும்னு தோணினா வேற எங்கயாச்சும் திட்டிக்கங்க.)

கேஸ் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல, நீங்க குடியிருக்குற ஊர்லயே, 10லேந்து 20 லட்சம் வரைக்குமான பொருளுக்கு ஃபீஸ் வெறும் 400 ரூபா, பிரச்சனை வந்த நாள்லேந்து 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சுருங்க, காசு செலவில்ல. ஆனா தயாரிப்புக் குறைன்னு நீங்கதான் காட்டணும், அதுக்கு சுயேச்சையான இன்ஜினியர் ரிப்போர்ட் வேணும், கம்பெனிக்காரங்க விட்டுப்போன அந்த ஒரு சர்வீஸையும் ஓனர் மேனுவல்ல டிபிஎஃப் பத்தி இருக்குற பக்கத்தையும் நீட்டுவாங்க. வாங்கும்போது என் ஓட்டம் இவ்ளோதான்னு சொல்லியும் டீசல தலைல கட்டுனாங்கன்னு எழுத்துல ஏதாச்சும், ஒரு வாட்ஸப் மெசேஜாவது இருந்தா தேடி எடுங்க, அது உங்களுக்கு பலம். சட்டத்துல டெஸ்ட் தேவைப்படுற கேஸுக்கு 5 மாசம்னு இருக்கு, நடைமுறைல இழுக்கும். இதுல ஒரு சிக்கல், கேஸ் ஓடும்போது வண்டிய வித்துட்டா எதிர்தரப்பு அதையே பிடிச்சுக்கும், சரி பண்ணிட்டா ஆதாரம் போயிரும். அதனால வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே ரிப்போர்ட் எடுத்து, கழட்டுன பார்ட்ஸ் எல்லாத்தையும் கையோட வாங்கி வச்சுக்கங்க. என்ன கேட்டா, அந்த சர்வீஸ் விட்டுப்போனதால கேஸ நம்பி பட்ஜெட் போட மாட்டேன்.

இன்ஷூரன்ஸ் இதுக்கு வராது, இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாலும் தேய்மானம், மெக்கானிக்கல் ரிப்பேர் எல்லாம் கணக்குல சேராது. மச்சான் ஐடியா வேண்டவே வேணாம். கம்பெனி குடுத்த அமைப்ப மாத்துறது மோட்டார் வாகனச் சட்டத்துக்கு விரோதம், நாளைக்கு ஆக்சிடென்ட் ஆகி கிளெய்ம் போனா அங்கயும் கேள்வி வரும், விக்கப் போனா ஸ்கேனர் போடுற எந்த வியாபாரியும் ரெண்டே நிமிஷத்துல கண்டுபிடிச்சு வெலைய அடிப்பான்.

பணம் எங்கேருந்து எடுக்குறது? 14 சதவீத பர்சனல் லோன்ல 2.35 லட்சம், 3 வருஷம்னா இஎம்ஐ 8,000 சொச்சம், வட்டி மட்டும் 54,000. அதுக்கு பதிலா எஃப்டிய உடைக்காம அது மேலயே லோன் எடுங்க, எஃப்டி வட்டிய விட ஒன்னு ரெண்டு சதவீதம்தான் கூட இருக்கும். 8 சதவீதம்னு வச்சாலும் 1.5 லட்சத்த 12 மாசத்துல கட்டி முடிச்சா வட்டி 6,600 கிட்டதான், மாசம் 13,000 வரும், 2027 காலேஜ் ஃபீஸுக்கு முன்னாடி எஃப்டி முழுசா உங்க கைல இருக்கும். அந்த 13,000 மாசா மாசம் சிரமம்னா வண்டிய வித்த காசுலேந்து அடைச்சுக்கலாம்.

ஆமா, வித்துருங்கன்னுதான் சொல்றேன். ஓட்டத்த மாத்திக்க முடியும், வாரம் ஒருக்க நாலுவழிச் சாலைல விருதுநகர் வரைக்கும் போயிட்டு வந்தா ஃபில்டர் பொழைக்கும், ஆனா காருக்காக நாம டீசல் எரிச்சு ஊர் சுத்துறது என்ன கணக்கு? உங்க ஓட்டம் மாசம் 400 கிமீ, பெட்ரோல் காரா இருந்தா கூடுதலா ஆயிரம் ரூபா செலவாகியிருக்கும், டீசல் மாடலுக்கு வாங்கும்போதே லட்ச ரூபா மேல குடுத்திருப்பீங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டியும் இல்ல, அடுத்த லைட் எரியும்போது திரும்ப இதே எடத்துல நிப்பீங்க. சரி பண்ணி மூணு நாலு மாசம் நல்லா ஓட்டிப் பாத்துட்டு, ரிப்பேர் பில்லோடவே வில்லுங்க, மறைக்காதீங்க, புது டர்போ போட்ட பில்லு வாங்குறவனுக்கு பயத்த கொறைக்கும். லோன க்ளோஸ் பண்ணி பேங்க்ல என்ஓசியும் (பாக்கி இல்லங்குற சான்று) ஃபார்ம் 35ம் வாங்கி ஆர்சில ஹைப்போதிகேஷன, அதாவது பேங்க் கடன் பதிவ, நீக்கிட்டு வித்தா நல்ல வெல கிடைக்கும். ஒரு வேள உள்ள பிரிச்சுப் பாத்துட்டு பிஸ்டன், அது ஓடுற துளை (போர்) வரைக்கும் அடின்னு எஸ்டிமேட் 2.5 லட்சத்த தாண்டுச்சுன்னா அங்கயே வேலைய நிப்பாட்டிட்டு, அந்த 4.2ய இன்னும் ரெண்டு மூணு பேர்ட்ட காட்டி ஏத்தி கேட்டு குடுத்துருங்க.