அன்னடேல் மைதானம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

டுராண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டி கொல்கத்தாவில் தொடங்கியது என்றே நினைத்திருந்தேன். சிம்லாவின் அன்னடேல் மைதானத்தில் என்று அண்மையில் படித்தேன். வீடு கட்டவே இடமில்லாத மலையூரில் கால்பந்து எப்படி வந்தது, பிறகு ஏன் போனது? ‘உலகின் மூன்றாவது பழைய போட்டி’ என்கிறார்களே, சரியா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சிம்லாதான். பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலராக இருந்த மார்ட்டிமர் டுராண்ட் 1888இல் தொடங்கிவைத்தார். முதல் இறுதியாட்டத்தில் ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு, ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி என்ற இன்னொரு படைப்பிரிவை 2-1 என வென்றது. கொல்கத்தாவின் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டி 1893இல்தான் வந்தது.

1864 முதல் சிம்லா கோடைத் தலைநகர். சுற்றிலும் டக்‌ஷாய், சபாத்து, கசௌலி, சோலன் என்று படைமுகாம்கள். ஆட ஆளுக்குப் பஞ்சமில்லை, சமதளத்துக்குத்தான் பஞ்சம். ஊர் மலைமுகட்டில் இருக்கிறது. அங்கிருந்து 300 மீட்டருக்கு மேல் கீழிறங்கினால், தேவதாரு மரங்கள் சூழ்ந்த பள்ளத்தில் அன்னடேல். குதிரைப் பந்தயம், போலோ, கிரிக்கெட், மலர்க் கண்காட்சி எல்லாவற்றுக்கும் அதுதான் இடம். ஆட்டம் பார்க்க இறங்கியவர்கள் அவ்வளவு உயரத்தையும் திரும்ப ஏற வேண்டும்.

உயரம் ஆட்டத்தையும் மாற்றும். அன்னடேல் சுமார் 1,860 மீட்டரில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளியில் 0.8 வளிமண்டல அழுத்தத்துக்குக் காற்றடித்த பந்தை அப்படியே மேலே கொண்டுபோனால், அழுத்தமானி ஏறத்தாழ 1.0 காட்டும். உள்ளே காற்று கூடவில்லை, வெளியே அழுத்தம் குறைந்திருக்கிறது. கொஞ்சம் காற்றை இறக்காவிட்டால் பந்து இறுகி அதிகமாகத் துள்ளும். நீளமாக உதைத்தால் கணக்கைத் தாண்டிப் போகும், வளைத்து உதைத்தால் போதிய அளவு வளையாது. சமவெளியிலிருந்து வந்த வீரர்களுக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கும். மலைமுகாம்களில் பழகிய படைப்பிரிவுகளுக்கு இது அனுகூலம்.

1938 வரை கோப்பை பிரிட்டிஷ் படைப்பிரிவுகளை விட்டு வெளியே போகவில்லை. ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி 1893–95இலும், பிளாக் வாட்ச் 1897–99இலும் தொடர்ந்து மூன்றுமுறை வென்று, கோப்பையையே சொந்தமாக்கிக்கொண்டன. 1940இல் போட்டி டெல்லிக்கு மாறியது. அந்த ஆண்டே கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றது. கோப்பையைக் கைப்பற்றிய முதல் இந்திய அணி அதுதான்.

ஏன் போனது என்றால், ஆடியவர்கள் படைவீரர்கள், பார்த்தவர்களில் பெரும்பாலோர் கோடைக்கு வந்த அதிகாரிகள். ஊர் மக்களுடையதாக அந்தப் போட்டி ஒருபோதும் ஆகவில்லை என்பதே என் எண்ணம். படைகளும் அதிகாரிகளும் நகர்ந்ததும் பிடித்துவைக்க ஆளில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மைதானம் பயிற்சிக்காக ராணுவத்திடம் குத்தகைக்குப் போனது. 1982இல் குத்தகை முடிந்தும் அது ராணுவத்திடமே இருக்கிறது. மாநில அரசு திருப்பிக் கேட்டுவருகிறது. இன்று ஒரு ராணுவ அருங்காட்சியகம் அங்கே உண்டு, ஹெலிகாப்டர்களும் இறங்குகின்றன. இவ்வளவு பழைய ஆட்டக்களம் ஊர்ப்பிள்ளைகளின் பந்துக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

‘மூன்றாவது பழையது’ என்பது தவறு. இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, ஸ்காட்லாந்துக் கோப்பை இரண்டை மட்டும் கணக்கில் எடுத்துச் சொல்கிறார்கள். வேல்ஸ் கோப்பை 1877இலும் அயர்லாந்துக் கோப்பை 1881இலும் தொடங்கிவிட்டன. ஆசியாவில் மிகப் பழையது என்று எழுதுங்கள், அது சரி.