பருந்து பதில்கள்

கடந்த இதழில் வெளியான பறவைப் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பாதிக்குமேல் பருந்தைப் பற்றியவை. எனவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

எங்கள் தெருவுக்கு மேலே வட்டமடிப்பதை அம்மா கருடன் என்கிறார், அப்பா கழுகு என்கிறார், நான் பருந்து என்கிறேன். யார் சொல்வது சரி?
*– வாசகர், மதுரை*

பழுப்பு நிறமாக, குப்பைமேட்டையும் மீன் சந்தையையும் சுற்றிக்கொண்டிருந்தால் நீங்கள் சொல்வதுதான் சரி. அது கரும்பருந்து. கள்ளப்பருந்து என்றும் சொல்வார்கள். ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பரந்து கிடக்கும் இனம். அம்மா சொல்லும் கருடன் செம்பருந்து. தலையும் மார்பும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். குளம், ஏரி, கடற்கரை ஓரங்களில்தான் அதை அதிகம் பார்க்கலாம்.

நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவீர்கள். செம்பருந்தின் இளம்பறவையும் பழுப்பாகத்தான் இருக்கும். வாலைப் பாருங்கள். கரும்பருந்தின் வால் நுனி நடுவில் உள்வாங்கி, லேசாகக் கவைபோல் இருக்கும். செம்பருந்தின் வால் விசிறிபோல் வளைந்து முடியும். வாலை முழுக்க விரித்துவிட்டால் கரும்பருந்தின் பிளவு மறைந்துவிடும். அது வாலைச் சுருக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள். திரும்பும்போது அந்த வாலைப் படகுச் சுக்கான்போல் இடமும் வலமும் முறுக்குவதும் தெரியும். குரலும் வேறு. கரும்பருந்து நடுங்கும் விசிலாக நீட்டிக் கத்தும். செம்பருந்தின் குரல் மூக்கால் சிணுங்குவதுபோல் இருக்கும்.

அப்பாவின் 'கழுகு' கொஞ்சம் சிக்கலான சொல். பிணந்தின்னிகளையும் அப்படித்தான் அழைக்கிறோம், வேட்டையாடும் பெரிய பறவைகளையும் அப்படித்தான் அழைக்கிறோம். பிணந்தின்னிகளுக்குப் பாறு என்ற நல்ல பழைய சொல் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்துக்கு உச்சிவேளையில் வந்துபோனவையும் பாறுகளே, மஞ்சள்முகப் பாறுகள். ஆக, உங்கள் வீட்டில் அப்பாவுக்குத்தான் மதிப்பெண் குறைகிறது.

மாடியில் துணி காயப்போடப் போனால் பருந்து தலையில் அடிக்கிறது. இரண்டு முறை நகம் பட்டுவிட்டது. இதற்கு என்ன வழி?
*– வாசகி, சென்னை*

அருகில் கூடு இருக்கிறது. தென்னை, அரசமரம், செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டியின் சட்டம் எங்கேயும் கட்டும். நம் பக்கத்தில் பெரும்பாலும் தை முதல் சித்திரைக்குள் குஞ்சு பொரித்து வளர்க்கும். இரண்டு, மூன்று முட்டைகள். அடைகாக்க ஏறக்குறைய ஒரு மாதம், குஞ்சுகள் பறக்க மேலும் ஆறேழு வாரம். பெண் பறவைதான் பெரும்பாலும் அடையில் இருக்கும், ஆண் இரை கொண்டுவரும். குஞ்சுகள் கூட்டில் இருக்கும் நாட்களில்தான் இந்தத் தாக்குதல் உச்சத்துக்குப் போகும். அவை பறந்துவிட்டால் தானாக நின்றுவிடும்.

அதுவரைக்கும் குடை பிடித்துக்கொண்டு போங்கள். பருந்து முதுகுப்பக்கமாக, பெரும்பாலும் சத்தமில்லாமல் வரும். நிமிர்ந்து அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் பல நேரம் பாதியிலேயே திரும்பிவிடும். கல்லெறிந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். நகம் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேளுங்கள். அழுகிய இறைச்சியில் புழங்கும் கால் அது.

இன்னொன்று. டெல்லியில் நடந்த ஆய்வில், மனிதர்கள் உணவுக்கழிவையும் இறைச்சியையும் தாராளமாகக் கிடைக்கவிடும் இடங்களில்தான் பருந்துகள் மனிதர்களைத் துணிந்து தாக்குகின்றன என்று தெரியவந்தது. உங்கள் தெருவில் யாராவது மாடியிலிருந்து கறித்துண்டு வீசுகிறார்களா என்று விசாரியுங்கள். கூட்டைக் கலைக்க நினைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.

கீழே விழுந்த பருந்துக் கூட்டில் பிளாஸ்டிக் பை, துணிக்கிழிசல், காகிதம் எல்லாம் இருந்தன. மெத்தைக்காகவா?
*– வாசகர், திருச்சி*

பஞ்சும் துணியும் மெத்தைக்கு உதவும். வெள்ளைப் பிளாஸ்டிக்குக்கு வேறு வேலையும் உண்டு. ஸ்பெயினின் தோன்யானா தேசியப் பூங்காவில் இதே இனத்தை ஆராய்ந்தவர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவு சுவையானது. முட்டையிடுவதற்கு முந்தைய நாட்களில் பருந்துகள் கூட்டில் வெள்ளைப் பிளாஸ்டிக்கைப் பரப்புகின்றன. அதிகம் பரப்பியவை 7 முதல் 12 வயது வரையிலான, உடல் வலு மிகுந்த பருந்துகள். மிக இளையவையும் முதியவையும் குறைவாகவே வைத்தன. நிறைய வைத்த கூட்டுக்குள் மற்றப் பருந்துகள் அத்துமீறுவதும் குறைவு. ஆக, 'இங்கே வராதே' என்ற அறிவிப்புப் பலகை அது. வலு குறைந்த ஜோடியின் கூட்டில் ஆய்வாளர்கள் கூடுதலாகப் பிளாஸ்டிக்கை வைத்துப் பார்த்தார்கள். அவை அதை எடுத்து எறிந்துவிட்டன. இல்லாத பலத்தைக் காட்டிக்கொண்டால் அடிவாங்க வேண்டிவரும் என்று அவற்றுக்குத் தெரியும்போலும்.

40 வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய் அலகை உடைத்து, இறகைப் பிடுங்கி, மறுபிறவி எடுத்து 70 வயதுவரை வாழும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
*– வாசகர், கோவில்பட்டி*

பொய். அலகு உடைந்த பறவையால் இரையைக் கிழிக்க முடியாது, பட்டினியால் செத்துவிடும். அலகின் மேலுறை நம் நகம்போல வளர்ந்துகொண்டும் தேய்ந்துகொண்டுமே இருப்பதால் உடைக்கத் தேவையும் இல்லை. இறகுகளும் சிலசிலவாகத்தான் உதிர்ந்து முளைக்கும், பறப்பது தடைபடாது. வயதிலும் இடிக்கிறது. அமெரிக்காவில் கால்வளையம் இட்ட வெண்தலைக் கழுகு ஒன்று 38 வயதில், 2015-இல் இறந்தது. காட்டில் அந்த இனத்துக்கு அதுவே சாதனை வயது!

மாஞ்சா நூலில் சிக்கிய பருந்தை எப்படிக் காப்பாற்றுவது?
*– வாசகர், திருவொற்றியூர்*

முதலில் உங்கள் கையைக் காப்பாற்றுங்கள். பருந்தின் ஆயுதம் அலகல்ல, கால். கனமான பருத்தித் துண்டைப் பின்பக்கமிருந்து தலையோடு சேர்த்துப் போர்த்துங்கள். கண் மறைந்ததும் பெரும்பாலும் அடங்கிவிடும். பிறகு இறக்கைகளை உடலோடு அணைத்து, இரண்டு கால்களையும் தொடைக்குக் கீழே சேர்த்துப் பிடியுங்கள். தூக்கினால் ஒரு கிலோகூட இருக்காது, அதனால் நெஞ்சை இறுக்கிவிடாதீர்கள். நெஞ்சுக்கூடு அசையாவிட்டால் அதற்கு மூச்சு முட்டும்.

நூலை இழுக்கவே கூடாது. பறவையிலிருந்து ஒரு சாண் விட்டு இருபுறமும் கத்தரியுங்கள். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இறக்கையின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய தோல்மடிப்பு உண்டு. அதற்குள்தான் இறக்கையை இழுத்து நிறுத்தும் தசைநார் ஓடுகிறது. மாஞ்சா பெரும்பாலும் அங்கேதான் அறுக்கும். சதையில் பதிந்த நூலை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். நாம் உருவினால் தசைநாரும் போய்விடும், அப்புறம் பறவை பறக்காது.

சுமார் இரண்டடி நீள அட்டைப்பெட்டியில் விரல் நுழையும் அளவுக்குப் பத்துப் பன்னிரண்டு துளைகள் போட்டு, அடியில் பழைய துண்டை விரித்து, அதில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் வையுங்கள். கம்பிக்கூண்டு வேண்டாம், இறகு ஒடிந்துவிடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்தே இருப்பதால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். பால், தயிர்சோறு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். 'பறக்கிறதா பார்க்கலாம்' என்று மாடியிலிருந்து வீசிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லி, கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கண்ணாடித்தூள் பூசிய நூலையும் நைலான் மாஞ்சாவையும் 2017-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுக்கத் தடைசெய்தது. விற்பவரைப் பார்த்தால் காவல்துறைக்குச் சொல்லலாம்.

பருந்து காட்டுக்குத் தீ வைக்குமா?
*– மாணவி, தேனி*

வட ஆஸ்திரேலியாவில் பழங்குடிகளும் தீயணைப்புப் பணியாளர்களும் அப்படிப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். கரும்பருந்து உட்பட மூன்று இனங்கள் எரியும் குச்சியைத் தூக்கிக்கொண்டுபோய், தீ பிடிக்காத புல்வெளியில் போடுமாம். வெளியே ஓடிவரும் வெட்டுக்கிளியும் பல்லியும் அவற்றுக்குச் சாப்பாடு. நம் ஊரிலும் வயலில் தாள் எரிக்கும்போது புகையோரம் பருந்து சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே வரும் வேலை மட்டும்தான், தீ வைப்பது நாம்.

பருந்து கோழிக்குஞ்சைத் தூக்குகிறது. பழைய சிடி கட்டியும் பயனில்லை.
*– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்*

சிடி சில நாள் வேலை செய்யும், பிறகு பழகிவிடும். அதற்கு முன், ஆள் யாரென்று உறுதிசெய்யுங்கள். திறந்த வானத்திலிருந்து சரிந்து வந்து தூக்கினால் பருந்து. புறா அளவில், மரங்களுக்கிடையே தாழ்வாகப் பாய்ந்து வந்தால் அது வல்லூறு. இரண்டுமே குஞ்சு சிறிதாக இருக்கும்போதுதான் அதிகம் தொல்லை தரும். முதல் ஒரு மாதம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். தாயோடு மேயவிடுவதானால் புதர், கொடிப்பந்தல் போன்ற மறைவுள்ள இடத்தில் விடுங்கள். முற்றமே திறந்தவெளி என்றால் ஏழடி உயரத்தில் பழைய மீன்வலையை இழுத்துக் கட்டி, ஆங்காங்கே வெள்ளைத் துணி முடிந்துவிடுங்கள். வலை தொய்ந்தால் பறவை சிக்கிக்கொள்ளும். வல்லூறானால் பக்கவாட்டையும் மறைக்க வேண்டும். கோழி அறுத்தால் குடலை அங்கேயே எறியாமல் ஓரடி ஆழத்தில் புதையுங்கள். குடலுக்கு வரும் பருந்துதான் குஞ்சையும் பார்த்துவைக்கிறது.