முள் சிவப்புக்குப் போனால் ஹெட் கேஸ்கெட்தானா?

கேள்வி: 2011 மாடல் ஆம்னி வேன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தேவகோட்டையில் வீட்டிலேயே பலகாரம் போட்டு, காரைக்குடிக் கடைகளுக்கு நானே ஓட்டிப் போய்க் கொடுக்கிறேன். ரோட்டில் ஓடும்போது டெம்பரேச்சர் முள் பாதியில் நிற்கிறது. செக்காலை ரோட்டு நெரிசலில் மாட்டினால் சிவப்புக்குப் போகிறது. மெக்கானிக் சென்சாரை மாற்றினார்; பலன் இல்லை. பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜும் குறைந்துவிட்டது. இப்போது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கேஸ்கெட் (எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் தகடு) போன வண்டி, பெரும்பாலும் ரோட்டில் ஓடும்போதும் சூடாகும். எஞ்சினுக்கு வேலை கூடக் கூடச் சூடும் கூடும். உங்கள் வண்டி நிற்கும்போதுதான் சூடாகிறது. ஓடும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும், நிற்கும்போது ஃபேன்தான் அதைச் செய்ய வேண்டும். அதனால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்.

முள் ஏறும்போது ஃபேன் சுற்றுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சுற்றவில்லை என்றால், ஃபேனுக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் சுற்றாவிட்டால் மோட்டார் போச்சு. சுற்றினால் பியூஸ், ரிலே, வயரிங், சென்சார் இவற்றில் ஒன்று.

பெட்ரோல் வாடையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குச் சென்சார் பக்கம்தான் சந்தேகம் வலுக்கிறது, மாற்றியது புதிதாகவே இருந்தாலும். பல பழைய வண்டிகளில் மீட்டர் முள்ளுக்கு ஒரு சென்சார், எஞ்சின் கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். கம்ப்யூட்டருக்குப் போகும் சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) குறையும்: 20 டிகிரியில் 2,000 ஓமுக்கு மேல், 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம். கனெக்டரில் பச்சை பூத்திருந்தாலோ, மட்டமான டூப்ளிகேட் சென்சார் போட்டிருந்தாலோ ரெசிஸ்டன்ஸ் கூடுதலாகத் தெரியும். கம்ப்யூட்டரோ எஞ்சின் இன்னும் ஆறியே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றும், ஃபேனையும் போடாது. உங்கள் இரண்டு தொல்லைகளும் இந்த ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன.

காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனர் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டி, கூலன்ட் (ரேடியேட்டரில் ஓடும் குளிர்விப்புத் திரவம்) சூடு எவ்வளவு காட்டுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வெளிச் சூட்டை ஒட்டி, நம் ஊரில் 25, 30 டிகிரி காட்ட வேண்டும். 5 என்றோ மைனஸ் என்றோ காட்டினால் கோளாறு பிடிபட்டுவிட்டது. எஞ்சின் லைட் எரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வயர் முழுதாக அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோதான் கம்ப்யூட்டருக்கு உறைக்கும். இப்படி அரைகுறையாகக் காட்டினால் பெரும்பாலும் எரர் கோடு (கோளாறு எண்) விழாது.

இதெல்லாம் சரியாக இருந்து, கூலன்ட் மட்டும் ஒழுகாமலே குறைந்தாலோ, ஆயிலில் பால் கலந்த நிறம் தெரிந்தாலோ கேஸ்கெட்டைப் பார்க்கலாம். அப்போதும் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். எரிந்த வாயு கலந்திருந்தால் மஞ்சளாக மாறும். அதுவரை முள் சிவப்பைத் தொட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மெக்கானிக் சொன்னது பலித்துவிடும்! சூட்டோடு மூடியைத் திறக்கவும் கூடாது.

அப்புறம், சென்சார் மாற்றியதற்கு பில் இருக்கிறதா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். இனி எதை மாற்றினாலும் பழைய பாகத்தைக் கையில் தரச் சொல்லுங்கள். பேசிப் பார்த்துப் பலன் இல்லாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு மேல் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். புகார் கொடுக்க 2 வருட அவகாசம். 'வியாபாரத்துக்கு ஓட்டும் வண்டியாச்சே' என்று தயங்க வேண்டாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழில் என்றால் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான்.

கேள்வி: ரேடியேட்டருக்குக் காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீரே போதும் என்கிறார்களே?

பதில்: அதைக் குடியுங்கள். எந்த ஊற்றுத் தண்ணீரிலும் உப்பு இருக்கும்; உள்ளே படிந்து அடைத்துக்கொள்ளும். கூலன்டை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கேனில் 'ரெடி மிக்ஸ்' என்று போட்டிருந்தால் அப்படியே ஊற்றலாம்.